பூந்தமல்லி ரோட்டில் வைத்துப் புத்தகங்களைச் சோதிப்பது

ஒரு சின்னக் கணக்கு. ஆபீஸ், டிராஃபிக், குடும்பம் எல்லாம் போக எனக்கு வருஷத்துக்குப் பதினைந்து அபுனைவு நூல்கள் படிக்க முடிகிறது. வயது நாற்பத்தைந்து. கண்ணும் பொறுமையும் இன்னும் முப்பது வருஷம் ஒத்துழைத்தால்கூட மொத்தம் 450 புத்தகம், அவ்வளவுதான். சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரே ஒரு வரிசையை நடந்து முடிப்பதற்குள் அதைவிட அதிகமான தலைப்புகள் கண்ணில் பட்டுவிடும். அதனால் எதைப் படிப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன்.

உலகம் வேகமாக மாறுது, அதனால் லேட்டஸ்ட்டா வந்த புத்தகத்தைப் படிச்சாத்தான் பிடிபடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். என் கட்சி நேர் எதிர். ஒரு புத்தகம் எழுதி, அச்சாகி, நம் கைக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. செய்தியோடு ஓட்டப்பந்தயம் வைத்தால் புத்தகம் தோற்கத்தான் செய்யும். செய்தியால் முடியாத ஒன்று புத்தகத்தால் முடியும்: ஒரு விஷயம் உள்ளே எப்படி ஓடுகிறது, எந்தச் சக்கரம் எதைச் சுழற்றுகிறது என்று பொறுமையாகத் திறந்து காட்டுவது. 'உலகம் இந்தப் பக்கம் போகிறது' என்று கை காட்டும் புத்தகம் ஒரு ரகம். 'இது இப்படி வேலை செய்கிறது' என்று காட்டும் புத்தகம் இன்னொரு ரகம். முதல் ரகம் சீக்கிரம் புளித்துவிடும். இரண்டாவது, செய்திகள் மாறிய பிறகும் வேலை செய்யும்.

கடையில் நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அட்டை, பின்னட்டைப் புகழுரை எல்லாம் ஒன்றே. அப்போ எப்படிப் பிரிப்பது? நான் என் தொழில் பழக்கத்தையே இதற்கும் பயன்படுத்துகிறேன். புது கோடை யாரும் நேராக ப்ரொடக்ஷனில் ஏற்ற மாட்டோம். விடை முன்னாடியே தெரிந்த ஒரு இன்புட்டைக் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்ப்போம். புத்தகத்துக்கும் அதுதான். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஊர், அங்கே நடந்து முடிந்த ஒரு கதை. அதை இந்தப் புத்தகம் சொல்லும் விளக்கத்தில் போட்டு ஓட்டிப் பார்ப்பது.

உங்களுக்கு அது திருப்பூராகவோ சிவகாசியாகவோ யாழ்ப்பாணமாகவோ இருக்கலாம். எனக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை. டெஸ்ட் டேட்டாவுக்கு இதைவிடச் செழிப்பான இடம் கிடைப்பது கஷ்டம். 1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் வந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் அதே ஆவடியில் டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதற்கும் முன்னாடியே சைக்கிள் கம்பெனி, டயர் கம்பெனி. தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் நோக்கியா. இன்றைக்கு அதே அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடம். டன்லப் இல்லை. ஆவடி ஃபேக்டரி 2021இல் அரசுத் துறையிலிருந்து அரசு நிறுவனமாக மாறிவிட்டது. முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள், ஒரு மனிதர் வேலைக்குச் சேர்ந்து ரிட்டையர் ஆகிப் பேரனைப் பார்ப்பதற்குள், எத்தனை பொருளாதாரக் கொள்கைகள் வந்து போய்விட்டன!

முதல் டெஸ்ட் கேஸ், நோக்கியா. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி ஆரம்பம். உச்சத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடி வேலையில் இருந்தார்கள், அவர்களை நம்பிச் சுற்றிலும் உதிரிபாக நிறுவனங்கள். 2013இல், மென்பொருளுக்காக ஃபின்லாந்து தலைமையகத்துக்குப் போன பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. அதே வருஷம் செப்டம்பரில் நோக்கியா தன் ஃபோன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் அந்த விற்பனை முடிந்தபோது, வரி வழக்கில் சொத்து முடங்கிக் கிடந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றுவிட்டது. நவம்பர் 1, 2014 அன்று உற்பத்தி நின்றது.

இப்போது இந்தக் கதையை இரண்டு புத்தகங்களில் போட்டுப் பார்ப்போம். ஒன்று, தாமஸ் ஃப்ரீட்மன் 2005இல் எழுதிய 'தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்'. பெங்களூரில் ஆரம்பித்து, உலகத்தைத் தட்டையாக்கும் பத்து சக்திகளைப் பட்டியல் போடும் புத்தகம். அந்தக் காலத்தில் எங்கள் துறையில் அதைப் படிக்காத மேனேஜரே கிடையாது. நோக்கியா ஏன் வந்தது என்று கேட்டால் அது அழகாகப் பதில் சொல்லும். ஏன் போனது என்று கேட்டால் அதனிடம் கருவியே இல்லை. இத்தனைக்கும் அடுத்தடுத்த வருஷங்களில் 2.0, 3.0 என்று சாஃப்ட்வேர் மாதிரியே ரிலீஸ் போட்டார்கள். அடிக்கடி பேட்ச் தேவைப்படும் விளக்கத்தின் மேல் எனக்கு ஒரு தொழில்முறைச் சந்தேகம் உண்டு.

இன்னொன்று, பங்கஜ் கெமாவத் 2007இல் எழுதிய 'ரீடிஃபைனிங் குளோபல் ஸ்ட்ராட்டஜி'. நடை மேனேஜ்மென்ட் பாடப்புத்தகம்தான், மத்தியானம் படித்தால் தூக்கம் வரும். ஆனால் அவர் சொல்வது உறுதியானது. நாடுகளுக்கு நடுவே நாலு விதமான தூரம் இருக்கிறது: பண்பாட்டுத் தூரம், நிர்வாகத் தூரம், நிலத்தின் தூரம், பொருளாதாரத் தூரம். விமானமும் இன்டர்நெட்டும் இவற்றில் ஒன்றிரண்டைக் குறைக்கலாம், மற்றவை அப்படியே நிற்கும். ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை இதில் போட்டால் உடனே உட்கார்ந்துகொள்கிறது. ஃபின்லாந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே சாமான் போய் வரும் தூரம் சுருங்கிவிட்டது, வரிச் சட்டத்தின் தூரம் சுருங்கவில்லை. ஆலை மூடுவதற்கு ஏழு வருஷம் முன்னால் எழுதிய புத்தகம் இது. நோக்கியா மூடும் என்று அவர் ஆரூடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நடந்த பிறகு நாம் போய்க் கேட்டால் பதில் வருகிறது, அது போதும்.

அந்த ஆலையின் கதை அதோடு முடியவில்லை. 2020இல் அதே வளாகத்தில் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வேலையை ஆரம்பித்தது. பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐஃபோன் செய்கிறது. ஆக இரண்டாவது டெஸ்ட் கேஸ்: இவ்வளவும் ஏன் துறைமுகத்தை ஒட்டி வராமல் நாற்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளி வந்தது? இதற்கு மார்க் லெவின்சன் எழுதிய 'தி பாக்ஸ்' படிக்க வேண்டும். 2006இல் வந்த புத்தகம், பேசுவதோ 1956இல் நடந்ததை. அந்த வருஷம் ஏப்ரலில் ஐடியல்-எக்ஸ் என்ற பழைய கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. ஆள் வைத்து மூட்டை மூட்டையாக ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன இடத்தில், பெட்டியாக ஏற்ற 16 சென்ட்கூட ஆகவில்லை. ஆனால் லெவின்சன் இந்த ஒரு கணக்கோடு நின்றிருந்தால் அது நல்ல கட்டுரை, அவ்வளவுதான். பெட்டியின் அளவுக்காக நடந்த சண்டை, ரயில் கம்பெனிகளின் பிடிவாதம், தொழிற்சங்கங்களோடு வருஷக்கணக்கில் ஓடிய பேரம், நியூயார்க்கிலும் லண்டனிலும் பழைய கப்பல்துறைகள் செத்துப்போனது என்று ஒவ்வொரு பல்சக்கரத்தையும் தொட்டுக் காட்டுகிறார். யார் தோற்றார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. சாமான் பெட்டிக்குள் போனதும், தொழிற்சாலை துறைமுகத்தின் மடியில் உட்கார வேண்டிய அவசியம் போய்விட்டது. நிலமும் ஆளும் மலிவாகக் கிடைக்கிற இடத்துக்கு நகர்ந்தது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983இல். இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு நசரத்பேட்டை பக்கம் வண்டலூர்–மீஞ்சூர் ரோட்டில் போகும் டிரெய்லர்களைப் பார்த்தால், டிராஃபிக் மேல் கோபம் குறையாது, ஆனால் அது என்ன என்பது புரியும்.

மூன்றாவது கேள்வியை நான் ஷிஃப்ட் பஸ் டெஸ்ட் என்று சொல்வேன். பூந்தமல்லி ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு நின்று பாருங்கள். வரிசையாகக் கம்பெனி பஸ்கள், உள்ளே இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள், பாதிப் பேர் தூக்கத்தில். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, இந்தப் பெண்கள்தான் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் நின்றது. உலக உற்பத்திச் சங்கிலி பற்றிப் பேசும் ஒரு புத்தகத்தில் இந்த பஸ்ஸுக்கும் விடுதிக்கும் இடமே இல்லை என்றால் நான் வாங்குவதில்லை. லெஸ்லி சாங் 2008இல் எழுதிய 'ஃபேக்டரி கேர்ள்ஸ்' சீனாவின் டோங்குவான் பற்றியது. இரண்டு பெண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார். விடுதி எப்படி ஓடுகிறது, ஊருக்குப் போகும் பணம் வீட்டுக்குள் யாருடைய குரலை உயர்த்துகிறது, ஒரு மொபைல் தொலைந்தால் எத்தனை உறவுகள் சேர்ந்து தொலைகின்றன, எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பூந்தமல்லியைப் பார்த்ததில்லை, பரவாயில்லை. பாஸ்.

இந்த உதாரணங்களில் ஒரு குறை இருக்கிறது. எல்லாமே கிட்டத்தில் நடந்தவை, கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விடை முழுசாக வெளியே வந்துவிட்ட ஒரு கேள்வி வேண்டும் என்றால் அறுபது வருஷம் பின்னால் போக வேண்டும். அதற்கு எனக்குப் பிடித்தது அறுபதுகளின் பஞ்ச பயம்.

1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 1966இல் ஒரு கோடி டன் அளவுக்கு தானியம் கப்பலில் வந்தது. அந்தச் சூழலில் பேடக் சகோதரர்கள் என்று இரண்டு அமெரிக்கர்கள், ஒருவர் வேளாண் நிபுணர், இன்னொருவர் தூதரகத்தில் வேலை பார்த்தவர், 1967இல் 'ஃபேமின் 1975!' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பிரிப்பது மாதிரி நாடுகளைப் பிரித்தார்கள். இந்தியாவைக் 'காப்பாற்ற முடியாது' பட்டியலில் வைத்தார்கள். அதாவது, உணவு அனுப்புவதே வீண். அடுத்த வருஷம் பால் எர்லிக்கின் 'தி பாப்புலேஷன் பாம்' வந்து அமோகமாக விற்றது. நம் அப்பா அம்மாவைப் பற்றித்தான் இவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1965இல், எஸ்தர் போஸரப் என்ற டேனிஷ் பொருளாதார அறிஞர் நூற்றுச் சொச்சம் பக்கத்தில் 'தி கண்டிஷன்ஸ் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் க்ரோத்' எழுதியிருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் இந்தியாவில் தங்கி ஆராய்ச்சி செய்தவர். ஜனத்தொகை நெருக்கும்போது மனிதர்கள் சும்மா உட்கார்ந்து சாவதில்லை, தரிசு போடும் காலத்தைக் குறைத்து, உழைப்பைக் கூட்டி, கருவியை மாற்றி, அதே நிலத்தில் அதிகம் விளைவிக்கிறார்கள் என்பது அவர் வாதம். தஞ்சாவூரில் அடுத்து நடந்தது தெரிந்ததுதான். ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 என்று குறுகிய கால, அதிக விளைச்சல் ரகங்கள், உரம், பம்ப்செட், இரண்டு போகம். 1975இல் அந்தப் பஞ்சம் வரவில்லை. ஆனால் போஸரப்புக்கும் முழு மார்க் போட மாட்டேன். புது விதை நெருக்கடியில் இருந்த விவசாயியின் வயலில் பிறக்கவில்லை. அரசு ஆராய்ச்சி நிலையத்திலும் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சிக் கூடத்திலும் பிறந்தது. அந்தச் சக்கரம் அவர் புத்தகத்தில் சின்னதாகத்தான் இருக்கிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் மதிப்பானது ஃபிரான்சின் ஃபிராங்கல் 1971இல் எழுதிய புத்தகம். பசுமைப் புரட்சியின் பொருளாதார லாபமும் அரசியல் விலையும் என்பது அதன் பொருள். எல்லோரும் விளைச்சலைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் ஐந்து மாவட்டங்களை எடுத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு நிலம், யாரால் உரம் வாங்க முடிந்தது, கூலிக்காரருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். அந்த ஐந்தில் ஒன்று தஞ்சாவூர். 1968 டிசம்பர் 25 அன்று கூலித் தகராறின் உச்சத்தில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட அதே தஞ்சாவூர். விளைச்சல் கூடுவதும் இப்படி ஒரு கொடூரம் நடப்பதும் ஒரே மாவட்டத்தில் ஒரே வருஷங்களில் எப்படி முடியும் என்பதற்குப் பஞ்சப் புத்தகத்திலும் பதில் இல்லை, வெற்றிப் புத்தகத்திலும் பதில் இல்லை. மாவட்டத்துக்கு இறங்கிப் போனவரிடம் இருக்கிறது.

இதிலிருந்துதான் என் கடைப் பழக்கம் ஒன்று வந்தது. கனமான ஆங்கிலப் புத்தகம் கையில் கிடைத்தால் முன்னுரை படிப்பதில்லை. கடைசிப் பக்கங்களுக்குப் போய்ச் சொல்லடைவில் இந்தியா, மெட்ராஸ், தமிழ்நாடு, நெசவு, நெல் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளைத் தேடுவேன். அந்த நாலைந்து பக்கத்தை நின்றபடியே படிப்பேன். எனக்குத் தெரிந்த விஷயத்திலேயே கோட்டை விட்டவர், தெரியாத பெரு நாட்டையும் போலந்தையும் சரியாகச் சொல்லியிருப்பார் என்று நம்ப எனக்கு மனசு வராது. அடுத்து அடிக்குறிப்புகள். எல்லாமே நாளிதழ் கட்டுரைகள் என்றால் வைத்துவிடலாம். தமிழில் வரும் நிறைய அபுனைவு நூல்களில் சொல்லடைவே போடுவதில்லை. பதிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம், நாலு தாள் செலவுதான்.

பழைய புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: கோட்டூர்புரம் அண்ணா நூலகம், எழும்பூர் கன்னிமாரா. சொந்தமாக வேண்டும் என்றால் திருவல்லிக்கேணி நடைபாதை. இருபது வருஷத்துக்கு முந்தைய 'எதிர்கால' புத்தகங்கள் அங்கே டீ விலைக்குக் கிடைக்கும். அவற்றைப் புரட்டுவது நல்ல பயிற்சி, எந்த மாதிரி வாக்கியம் சீக்கிரம் செத்துப்போகிறது என்று கண்ணுக்குப் பழகிவிடும். சில சமயம் புத்தகமே வேண்டாம். 2015 வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையைப் படியுங்கள். ஏரிக்குள் வந்த நீர், வெளியே விட்ட நீர் என்று கணக்குப் பார்த்து, அதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று சொல்கிறது. இலவசம்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அக்கா பையன் பத்தாவது முடித்திருக்கிறான். "தம்பி, கம்ப்யூட்டர் குரூப்பே எடுக்கட்டுமா? ஏ.ஐ. வந்து எல்லாம் போயிடும்னு சொல்றாங்களே" என்று அக்கா கேட்கிறாள். இந்தப் பக்கத்து வீடுகளில் இது புதுக் கேள்வி இல்லை. ஐ.டி.ஐ. முடித்தால் ஆவடி ஃபேக்டரி, அம்பத்தூர் கம்பெனி என்று ஒரு தலைமுறை நம்பியது. பி.இ. முடித்தால் ஐ.டி. என்று என் தலைமுறை நம்பியது. ஏ.ஐ. பற்றி மாதம் பத்து புத்தகம் வருகிறது. பெரும்பாலானவை கை காட்டும் ரகம்: ஒன்று சொர்க்கம், இல்லாவிட்டால் நரகம்.

நான் படிப்பது இரண்டு பழைய புத்தகங்களை. ஒன்று, டேவிட் எட்ஜர்டனின் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்'. ஒரு தொழில்நுட்பம் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதைவிட, எவ்வளவு பேர் எவ்வளவு காலம் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கச் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் இருபதாம் நூற்றாண்டின் கதையில் ராக்கெட் சின்னதாகி, தகரக் கூரையும் சைக்கிளும் பெரிதாகின்றன. அம்பத்தூர்க்காரனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். விண்வெளி யுகம் முழுவதும் இந்த ஊர் ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் செய்துகொண்டிருந்தது.

இன்னொன்று, ஷோஷானா ஸுபாஃப் 1988இல் எழுதிய 'இன் தி ஏஜ் ஆஃப் தி ஸ்மார்ட் மெஷின்'. காகிதக் கூழ் ஆலைகளுக்குள் போய் எழுதியது. கூழைக் கையால் தொட்டு, மோந்து பார்த்துப் பக்குவம் சொன்ன தொழிலாளிகளை, கன்ட்ரோல் ரூமில் ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்தார்கள். கையில் இருந்த அறிவு எண்ணாக மாறியது. அந்த எண்களைப் படித்து முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் அப்புறம் நடந்த சண்டை. தொழிலாளிக்குக் கொடுத்த இடத்தில் வேலை ஒரு மாதிரி ஆனது, மேலதிகாரி பிடுங்கிக்கொண்ட இடத்தில் வேறு மாதிரி. மெஷின் என்னவோ ஒன்றுதான். லேத்திலிருந்து சி.என்.சி.க்கு மாறிய பட்டறைகளில் கேளுங்கள், சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்ததைச் சொன்னவர்கள் இதே கதையைச் சொல்வார்கள். இன்றைக்கு என் டீமில் கோடை மெஷின் எழுதுகிறது, ஜூனியர்கள் சரிபார்க்கிறார்கள். இது சரி, இது தப்பு என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் தங்குகிறதா, மேலே போகிறதா என்று நான் கவனிப்பது இந்தப் புத்தகத்தால்தான்.

அக்காவிடம் குரூப் பேரைச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் விட வேண்டாம், லீவில் அவனை எஸ்டேட்டில் ஏதாவது ஒரு பட்டறையிலும் என் ஆபீஸிலும் ஒவ்வொரு நாள் உட்கார வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏ.ஐ. புத்தகம் எதைத் திறந்தாலும் நான் தேடுவது ஒரே ஒரு பக்கத்தைத்தான்: அம்பத்தூரில் டெஸ்டிங் வேலை பார்க்கும் இருபத்துநாலு வயதுப் பெண்ணின் சம்பளம் இதனால் எந்த வழியாக ஏறும், எந்த வழியாக இறங்கும், அதை முடிவு செய்வது யார். இதுவரை புரட்டிய எட்டு புத்தகங்களில் இரண்டில் அந்தப் பக்கம் இருந்தது. அந்த இரண்டையும் வாங்கிவிட்டேன்.